கடினமும் கதவும்

காணொளி விளையாட்டைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மக்கள் கூடிச் செய்யும் எதுவும் விமர்சனத்துக்கு உரியதே. சிறப்பாக, பலர் ஒன்றிணைந்து ஒரு பெருந்தடையை வெல்லவேண்டிய இணையவழிக் கூட்டு விளையாட்டுகளைப் பற்றி நெடுங்காலமாக ஒரு வாதம் நடந்துவருகிறது. கடினமாயிருப்பின் பலர் ஒதுக்கப்படுகின்றனர் என்பர் ஒரு சாரார். எளிதாக்கினால் சுவையே கெட்டுவிடும் என்பர் மறு சாரார். இரு சாராரும் இரு வேறு பொருள்களுக்கு ஒரே பெயரை இட்டு மயங்குகின்றனர் என்பது என் துணிபு.

2004இல் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ இதற்குத் தக்க சான்று. அதன் தொடக்ககாலப் பெரும் படையெடுப்புகளுக்கு நாற்பது பேர் வேண்டும். பகைவனின் அடியைத் தாங்குவோர், காயம் ஆற்றுவோர், தாக்குவோர் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருக்கும். முக்கியமான இடத்தில் ஒருவர் தவறினால் நாற்பதின்மரும் மடிவர். மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். இவ்வாறு தோற்றுத் தோற்றே ஒரு கூட்டம் குழுவாகியது. முல்லைத்தீவின் கோவலன் கூத்துக்கு இரவிரவாகப் பழகியோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

ஆயின் மாலைதோறும் பல மணிநேரத்தை ஒதுக்கிவைக்க எவரால் இயலும்? இரவு வேலைக்குச் செல்லும் தொழிலாளியாலோ, கைக்குழந்தையுள்ள தாயாலோ இயலாது. 2006இல் வந்த ‘நாக்ஸ்ராமஸ்’ என்னும் களத்தின் முடிவைக் கண்டோர் மிகச் சிலரே. 2008இல் அதே களம் பத்துப் பேருக்கும் இருபத்தைந்து பேருக்கும் ஏற்ப மாற்றி அமைக்கப்பட்டது. 2011இல் ‘ரெயிட் ஃபைண்டர்’ என்னும் ஏற்பாடு வந்தது. முன்பின் அறியாத இருபத்தைந்து பேரை இயந்திரமே கூட்டிச் சேர்க்கும். பகைவனின் வலிமையும் குறைக்கப்பட்டிருக்கும்.

கதவு திறந்தது, முன்னர் வெளியே நின்றோர் திரளாக உள்ளே வந்தனர். அதனை இகழ்ந்தோருட் பலர் முன்னரே உள்ளே இருந்தவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் புதிதாக வந்தோர் உள்ளே கண்டது என்ன? ஒருவரோடொருவர் பேசவேண்டியதில்லை. தவறியவனுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை; வாக்கெடுத்து அவனை வெளியேற்றிவிட்டு இன்னொருவனைப் பெறலாம். நேரமில்லை என்று முறையிட்டவனுக்குத் தோழமையற்ற வெற்றியொன்று கையளிக்கப்பட்டது. 2013இல் வந்த மற்றோர் ஏற்பாடு இதனிலும் நேரியது. பத்துப் பேர் முதல் இருபத்தைந்து பேர் வரை எத்தனை பேர் கூடினாலும், அத்தொகைக்கேற்பப் பகைவனின் வலிமை கூடும், குறையும். ஆகவே தொகை மிஞ்சிற்றென்று நண்பனொருவனைத் திருப்பியனுப்பவேண்டிய நிலை பெரிதும் நீங்கியது.

செயலுக்குள் இருக்கும் கடினம் ஒன்று. செயலுக்கு வெளியே, வாசலில் நிற்கும் கடினம் மற்றொன்று. முன்னது மனிதரை ஒருவர்பால் ஒருவரை ஈர்க்கும், பின்னது பிரித்துவைக்கும். நோர்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீனின் வாழ்வு இவ்வேறுபாட்டைத் துலக்குகிறது. 1989இல் பிறந்த அவர், தசைகளைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும் டுஷேன் நோய்க்கு ஆளானவர். சக்கர நாற்காலியிலிருந்தே இவ்விளையாட்டில் ‘இபெலின்’ என்னும் பெயரோடு ஒரு குழுவில் உறுப்பினராய் இருந்தார். 2014இல் அவர் மறைந்தபோது, மகன் தனித்தே வாழ்ந்தான் என எண்ணியிருந்த பெற்றோருக்குப் பல நாடுகளிலிருந்து இரங்கற் செய்திகள் குவிந்தன. தோழர் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தனர். 2024இல் வெளியான ஆவணப்படமொன்று இக்கதையை உலகறியச் செய்தது. விரல்களில் எஞ்சிய வலுவுக்கு இணங்கும் கருவி கிடைத்தபின், மற்றெல்லாரோடும் சமமாய் நிற்க அவரால் முடிந்தது.

அத்தகைய கருவிகள் இன்று விற்பனைக்கு உள்ளன. ஆயின் போரிலே கையிழந்தோர் பலர் வாழும் நம் வன்னியில் அவற்றை வாங்கக்கூடியவர் யார்? கையும் காலும் நலமாயுள்ள பிள்ளைக்கே இங்கு வாசல் குறுகியது. துணுக்காயில் நம் மாணவர் ஆடுவது ‘ஃப்ரீ ஃபயர்’. விலைகுறைந்த தொலைபேசியிலும் இயங்குவதால் பரவிய விளையாட்டு அது. நால்வர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து பிற குழுக்களோடு பொருதுவர். மெய்யான வெடியோசையை 2009 வரை கேட்ட மண்ணில் பிள்ளைகள் பொய்த்துப்பாக்கி ஏந்துவது நெஞ்சை உறுத்துகிறது. அது தனித்து ஆராயவேண்டிய பொருள். ஒருநாள் மாலை மதகடியில் என் மாணவர் மூவர் ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களுடைய வகுப்புத் தோழன் ஒருவன் அருகே பார்த்துக்கொண்டு நின்றான். நாலாமிடத்திலோ முகமறியாத எவனோ ஒருவன் ஆடினான். நிற்பவனை ஏன் சேர்க்கவில்லை எனக் கேட்டேன்.

“அவன்ரை போன் சுத்திக்கொண்டு நிக்கும், சேர். அவனைச் சேர்த்தால் நாங்கள் தோத்திடுவம்.”

அவன் மூவரிலும் கெட்டிக்காரன். அவனைத் தடுத்தது தகப்பனின் பழைய தொலைபேசியும் தளர்ந்த இணைப்புமே. இவ்விளையாட்டை இன்னும் எளிதாக்கினாலும் அவன் மதகடியில்தான் நின்றிருப்பான்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். கோவில்களில் நடைபெறும் புராணபடனத்தை நோக்குக. ஒருவர் கந்தபுராணத்தைப் பாட, மற்றொருவர் பொருள் சொல்லுவார். பாட்டு அருமையாகவே இருந்தது; எழுத்தறியாதவரும் அதனைச் சுவைத்தனர். அருமையைக் குறையாமலே அதனை எட்டச்செய்யும் வழி இது. ஆயின் அதே கோவில்களின் வாசல்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைபட்டிருந்தன. 1968இல் மாவிட்டபுரத்தில் அம்மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்தது. உள்ளே பொருள் சொல்ல ஆள் வைத்த சமூகமே வெளியே காவலுக்கும் ஆள் வைத்தது.

மதகடியிலிருந்து வீடு திரும்புகையில் என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. சென்ற தவணையில், தமிழில் பின்தங்கிய பிரிவொன்றுக்குக் கடினமான செய்யுள் ஒன்றை ‘இவர்களுக்கு இது வராது’ என்று கருதிச் சுருங்கச் சொல்லி முடித்தேன். அவர்களிற் பலரிடம் பாடநூலே இல்லை என்பதை நான் விசாரிக்கவில்லை. புத்தகம் தேடிக்கொடுத்து, நால்வர் நால்வராக இருத்தி, ஒருவருக்கொருவர் பொருள் சொல்லச் செய்திருக்கலாம். இந்தத் தவணையில் அச்செய்யுளை அவர்களோடு முதலடியிலிருந்து தொடங்க எண்ணியிருக்கிறேன்.