ஆதம்பாக்கத்து அரை கிலோமீட்டர்

குறித்த நாளில் வேலையை முடிப்பது பற்றிப் பேச்செடுத்தால் பாம்பன் கதை வந்துவிடும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாலத்தைச் சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னாளில் தம் பணியிடங்களில், மீதமுள்ள நாட்களைக் காட்டும் கடிகாரங்களை மாட்டிவைத்தவரும் அவரே. இதிலிருந்து பல மேலாளர்கள் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: கெடுவை இறுக்கினால் குழு ஓடும்.

அந்தப் பாடத்தை வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் பாதையில் உரசிப் பார்க்கலாம். 2007 நவம்பரில் வேளச்சேரி வரை ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலையில் நாலரை கிலோமீட்டர் எழும்பி நின்றது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கு மட்டும் நிலம் கைக்கு வரவில்லை. இழப்பீட்டுப் பிரச்சினையிலும் வழக்கிலும் பத்தாண்டுக்கு மேல் கழிந்தது. தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, பரங்கிமலையில் மாறி, பெருங்குடிக்கும் தரமணிக்கும் போயிருக்க வேண்டியவர்கள் அத்தனை ஆண்டும் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் நெரிபட்டார்கள். கணக்கில் 90 சதவீதம் முடிந்த வேலை, பயணிக்குப் பூஜ்யம்.

எந்தக் கடிகாரம் இதை அவிழ்த்திருக்கும்? பாம்பனில் கடலில் விழுந்த கர்டர்களை மீட்டு ஏற்றுவது கடுமையான வேலைதான். ஆனால் அதற்காக யாருடைய வீட்டுப் பத்திரத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் முழுவதும் பொறியாளர்களின் கைக்குள் இருந்தது. ஆதம்பாக்கத்தில் அப்படியில்லை. வீட்டை இழப்பவர் நியாயமான விலை கேட்பதைத் தடங்கல் என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தொடக்கத்திலேயே பேசித் தீர்க்காததுதான் குறை.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. முழு நிலமும் வரட்டும் என்று காத்திருந்தால் நம் ஊரில் எந்தப் பாலமும் எழும்பாது, சிமென்ட், கம்பி விலையும் ஏறிக்கொண்டே போகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இரு பக்கமும் தூண்கள் நின்றுவிட்ட பிறகு பாதையை மாற்ற வழியில்லை. பேரம் பேசும் இடமும் போய்விடுகிறது. எளிய பகுதியை முதலில் முடித்தால் கிடைக்கும் வேகம் கண்ணுக்குத்தான் வேகம்.

கிளாம்பாக்கம் இதே குறையின் லேசான வடிவம். 2023 டிசம்பர் 30-ல் பேருந்து முனையம் திறந்தது. ஒட்டியிருக்க வேண்டிய ரயில் நிலையம் அன்று இல்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ அலைந்தார்கள். கட்டடத்துக்கு ஒரு கெடு இருந்தது, பயணத்துக்கு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு கடிகாரத்துக்கு எதிரானதல்ல, அதை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு எதிரானது. கொங்கண் ரயில்வேயில் ஸ்ரீதரன் களப் பொறியாளர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்தார். அந்தப் பாதி பயிற்சி வகுப்புகளில் காணாமல் போகிறது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகம் ஒன்றில் இரவு பத்து மணிக்கும் குழுவை உட்காரவைத்திருக்கும் தலைவர், வேலை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்கட்டும். வாடிக்கையாளரின் ஒப்புதலுக்காகவோ வேறொரு பிரிவின் கையெழுத்துக்காகவோ நின்றால், அதை வாங்கி வருவது அவருடைய வேலை. குழுவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.