ஆற்றுதலும் தேற்றுதலும்: அகப்பாடல்களின் ஆறுதற் சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

துன்புற்றாரை ஆற்றுதலும் தேற்றுதலும் ஒன்றெனக் கொள்வது பெருவழக்கு. ‘ஆற்றித் தேற்றி’ என்னும் இணைமொழி அவ்வெண்ணத்துக்கு மேலும் வலுவூட்டியுள்ளது. எனினும் இச்சொற்களின் அடிப்பொருளை நோக்குமிடத்து, இவை இரு வேறு செயல்களைக் குறிப்பன என்பது புலனாகும். இவ்வேறுபாட்டைக் கருதாது அகப்பாடல்களைப் பயில்வோர் அவற்றின் உள்ளார்ந்த முரணைக் காணத் தவறுவர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆறுதல் வெம்மை தணிதல். சோறு ஆறும், புண் ஆறும், சினமும் ஆறும். தேறுதலோ தெளிதல். கலங்கல் நீரைத் தெளிவிக்கக் கலத்தின் உட்புறத்தில் தேய்க்கப்படும் வித்து தேற்றாங்கொட்டை எனப்படும். ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் உறுதிப்பாட்டைத் தொல்காப்பியர் தேற்றம் என்பர். ஆகவே ஆறுதல் உணர்ச்சியைச் சார்ந்தது. தேற்றம் அறிவைச் சார்ந்தது. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது வன்புறை. தளர்ந்த நெஞ்சை வலிமையுறச் செய்தல் என்பது அதன் பொருள். அதனோடு உறவுடைய வற்புறுத்தல் என்னும் சொல் இன்று பெரும்பாலும் நெருக்குதலையே குறிப்பது நோக்கற்பாலது.

குறுந்தொகையின் 66 ஆம் பாடலில், தலைவன் குறித்துச் சென்ற கார்ப்பருவம் வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தோழியோ, பருவமல்லாத மழையைக் காரெனக் கருதி மரம் அறியாமையாற் பூத்தது என்கிறாள். அவள் தலைவியை ஆற்ற முயல்கிறாள். ஆனால் அம்முயற்சி உண்மையை மறைத்தே நடைபெறுகின்றது. 21 ஆம் பாடலிலும் அதே கொன்றைதான். அங்கே பேசுபவள் தலைவி. கானமே காரென்று கூறினும் தான் தேறப்போவதில்லை, அவர் பொய் சொல்லார் என்கிறாள். இனி இவளை எவ்வாறு ஆற்றுவிப்பது எனத் தன்னுள்ளே கவன்ற தோழியின் குறிப்பறிந்து தலைவி கூறியதாகப் பழைய துறைக்குறிப்பு இதனை விளக்கும். ஆறுதல் பெறவேண்டியவளே ஆறுதல் கூறவேண்டியவளாகிறாள். கண்முன் நிற்கும் சான்றைத் தேற மறுப்பதே அவள் ஆற்றியிருப்பதற்கு விலையாகின்றது.

முல்லையின் ‘இருத்தல்’ ஒழுக்கத்தைக் கற்பின் மாண்பாக மட்டும் போற்றிய திறனாய்வு இவ்விலையைக் கணக்கிட்டதில்லை. தலைவன் வினையின்பொருட்டுச் செல்கிறான். காத்திருத்தல் பெண்ணின் கடமையாக வகுக்கப்படுகின்றது. அக்கடமை குலையாதவாறு காப்பது தோழியின் பணியாகின்றது. இச்சமூக ஒழுங்கினுள் வன்புறை அன்பின் மொழியாயிருப்பதோடு கட்டுப்பாட்டின் கருவியாகவும் இயங்குகின்றது. ஆயினும் மரபு இதனை முற்றாக மறைத்துவிடவில்லை. ‘வன்புறை எதிரழிந்து’ தலைவி கூறுதல் என ஒரு துறையையே அது வகுத்துள்ளது. கூறப்பட்ட ஆறுதல் போதாது எனச் சொல்லும் உரிமையை இலக்கியம் அவளுக்கு அளித்தது எனலாம்.

நெய்தற்கலியில் இதனினும் தெளிவான குரலொன்று கேட்கின்றது. கலித்தொகையின் 133 ஆம் பாடலில், ஆற்றுதலாவது அல்லலுற்றார்க்கு உதவுதலே எனத் தோழி தலைவனிடம் வரையறை செய்கிறாள். வரைந்துகொள்ளாது காலந்தாழ்த்துபவனை நோக்கியே அவள் இவ்வாறு கூறுகிறாள். ஆற்றுதல் இங்கே சொல்லளவில் நில்லாது செயலாகின்றது. அதன் பொறுப்பும் துன்பத்துக்குக் காரணமானவனிடமே சேர்க்கப்படுகின்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களுள் பலர் முதிய தாய்மார். தம் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையே அவர்கள் கேட்டனர். அனுதாபமும் இழப்பீடும் அக்கேள்விக்கு விடையாகா. அவர்கள் வேண்டியது தேற்றம். அவர்களுக்கு நீட்டப்பட்டதோ ஆறுதல். செத்தவீட்டிற்குச் சென்று துக்கம் விசாரிக்கும் நமது வழக்கங்கூட, இறப்பு உறுதியான இடத்தில் மட்டுமே செல்லுபடியாகும். உறுதியில்லாத இடத்தில் ‘மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்பது, தெளிவிக்கும் வித்தைக் கொடாமலே நீரைத் தெளியச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆறுதல் கூறுவோர் முதலில் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: நாம் தணிக்க முயல்வது எதிரிலிருப்பவரின் துயரையா, அல்லது அத்துயர் எழுப்பும் கேள்வியையா? கொன்றை பூத்ததை மறுத்த தோழியின் அன்பை நாம் ஐயுறவேண்டியதில்லை. ஆனால் கொன்றை பூத்தது உண்மை.