டிரம்மர் எந்த அளவில் பெட்டிக்குள் இருக்கிறார்? அரேஞ்சர் கீபோர்டில் ஆடியோவும் மிடியும்

அரேஞ்சர் கீபோர்டு வாசிக்கிறவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் கொஞ்ச நேரத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். ஒருவர், "ஸ்டைல்ல டிரம்ஸ் ஆடியோவா இருந்தாதாங்க உயிரோட இருக்கும், நிஜ டிரம்மர் வாசிச்சது" என்பார். இன்னொருவர், "மிடிதான் வசதி, இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்" என்பார். ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் வசதி. இப்படிப் பிரித்தால் கலைஞன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. எனக்கு இந்தப் பிரிவினையே சரியாகப் படவில்லை.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. அரேஞ்சர் கீபோர்டில் இடது கையால் கார்டு பிடித்தால் பின்னால் ஒரு குழுவே வாசிக்கும். அந்தக் குழுவுக்கான குறிப்புகள் அடங்கிய கோப்புதான் ஸ்டைல். அதில் இன்ட்ரோ, மெயின், ஃபில், எண்டிங் என்று துண்டுகள் இருக்கும். யமஹா ஸ்டைலில் எட்டு டிராக்குகள்: ரிதத்துக்கு இரண்டு, பேஸ் ஒன்று, கார்டு இரண்டு, பேட் ஒன்று, ஃப்ரேஸ் இரண்டு. நீங்கள் சி-யிலிருந்து எஃப்-க்குப் போனால் பேஸும் கார்டும் புதிதாகக் கணக்கிடப்பட்டு மாறும். டிரம்ஸ் மட்டும் மாறாது, அதற்கு ஸ்ருதி மாற்றம் தேவையில்லை. ஒலிப்பதிவை முழுசாக உள்ளே நுழைக்க எளிதான கதவு டிரம்ஸ்தான் என்பதற்குக் காரணம் இதுதான். கிதாரை அப்படி நுழைக்க வேண்டுமானால் ஒவ்வொரு கார்டுக்கும் வழி செய்தாக வேண்டும்.

மிடியும் பதிவுதான்

"ரெக்கார்டட் டிரம்ஸா, மிடி டிரம்ஸா" என்ற கேள்வியில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. மிடி டிரம்ஸில் நீங்கள் கேட்கும் ஸ்னேரும் யாரோ ஒரு மனிதர் ஸ்டூடியோவில் அடித்து, மைக் வைத்துப் பதிவு செய்ததுதான். வித்தியாசம் பதிவின் அளவில். மிடியில் பதிவானது ஒரு அடி. ஆடியோவில் பதிவானது ஒரு வாசிப்பு.

வரலாற்றைப் பார்த்தால் வாசிப்பைப் பதிவதுதான் முதலில் வந்தது. அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் செய்த ரித்மேட் என்ற பெட்டிக்குள் டிரம்மர் வாசித்த 14 டேப் லூப்கள் சுற்றிக்கொண்டிருந்தன. டேப்பை வேகமாக ஓட்டினால் டெம்போவோடு ஸ்ருதியும் ஏறும். 1959-இல் வந்த வுர்லிட்சர் சைட்மேன் நேர் எதிர். அதில் பதிவே கிடையாது. ஒரு சக்கரம் சுழன்று மின்தொடர்புகளைத் தொட, வால்வுகள் தாளச் சத்தத்தை உண்டாக்கின. வேகத்தை இஷ்டப்படி மாற்றலாம், ஆனால் சத்தம் டிரம்ஸ் மாதிரி இருக்காது. இரண்டையும் சேர்த்து வைத்தவர் ரோஜர் லின். 1980-இல் வந்த அவருடைய எல்எம்-1, நிஜ டிரம்ஸின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக டிஜிட்டலில் பதிந்து வைத்தது. எந்த அடி எப்போது விழ வேண்டும் என்பதை வாசிப்பவரிடம் விட்டது. 1983-இல் மிடி வந்தபோது அந்த "எது, எப்போது, எவ்வளவு அழுத்தமாக" என்பதற்குப் பொது மொழி கிடைத்தது. இன்றைய மிடி ஸ்டைல் லின்னின் பேரன். ஆடியோ ஸ்டைல் சேம்பர்லினின் பேரன்.

இரண்டுக்கும் இடையிலான தூரத்தை எண்ணில் பார்க்கலாம். 120 டெம்போவில் நாலு பார் என்பது 8 விநாடி. சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலி விநாடிக்கு 1,76,400 பைட். ஆக, நாலு பாருக்கு 14 லட்சம் பைட். அதே நாலு பாரில் 80 அடிகள் என்று வைத்து, அடிக்குப் பத்து பைட் கொடுத்தாலும் மிடிக்கு 800 பைட் போதும். அந்த 14 லட்சத்தில் அறையின் எதிரொலி, ஸ்னேர் மைக்கில் கசிந்த ஹை-ஹேட், குச்சி விளிம்பில் பட்ட சத்தம் எல்லாம் இருக்கிறது. 800 பைட்டில் இருப்பது குறிப்பு மட்டும்.

இத்தாலியின் அங்கோனாவிலிருந்து வரும் கெட்ரான் நிறுவனம் ஆடியோ டிரம்ஸையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. யமஹா 2012-இல் பிஎஸ்ஆர்-எஸ்950 மாடலில் ஆடியோ ஸ்டைலைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் டைரோஸ்5-இலும் வைத்தது. 2017-இல் ஜெனோஸ் வந்தபோது அதைக் கைவிட்டு ரெவோ டிரம்ஸ் என்ற ஏற்பாட்டுக்குப் போனது. ஒரே அடிக்குப் பல பதிவுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வதுதான் அது, அதாவது மறுபடியும் மிடி. இரண்டு நிறுவனங்கள், இரண்டு திசைகள். இதில் யார் முட்டாள் என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

டெம்போவைக் குறைத்துப் பாருங்க

120-இல் பதிந்த அந்த 8 விநாடியை 90-க்கு இறக்கினால் 10.7 விநாடி ஆக வேண்டும். இல்லாத 2.7 விநாடி எங்கிருந்து வரும்? வழக்கமான வழி இரண்டு. ஒன்று, பதிவை ஒவ்வொரு அடியிலும் வெட்டி, துண்டுகளைத் தள்ளித் தள்ளி வைப்பது. கிக், ஸ்னேரின் தாக்கம் அப்படியே நிற்கும். ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பள்ளம் விழும். நீளமாக ஒலிக்க வேண்டிய சிம்பல் பாதியில் அறுபடும். இன்னொன்று, ஒலியையே மாவு மாதிரி இழுப்பது. பள்ளம் இருக்காது, ஆனால் அடியின் முனை மழுங்கும், சில சமயம் ஒரே அடி இரண்டாகக் கேட்கும். ஐந்து, பத்து சதவீத மாற்றத்தில் இதெல்லாம் பெரும்பாலும் தெரியாது. பாடகர் "கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க" என்று சொல்லும் அளவு மாறும்போதுதான் தெரியும். மிடியில் இந்தப் பிரச்சினை கிடையாது. ஒவ்வொரு அடியும் அப்போதுதான் கிளம்புகிறது. சிம்பல் தன் முழு நீளத்துக்கும் ஒலிக்கும்.

துண்டு மாறும் இடமும் அப்படித்தான். ஃபில் முடியும் தருவாயில் விழுந்த கிராஷ் சிம்பல், அடுத்த மெயின் தொடங்கிய பிறகும் ஒலித்தபடி இருக்க வேண்டும். மிடியில் அது தனி ஒலி, தானாக நீளும். ஆடியோவில் அந்த வால் ஃபில்லின் பதிவுக்குள் அகப்பட்டிருக்கிறது. துண்டு மாறும்போது வாலும் போய்விடும், இல்லையென்றால் அதைக் காப்பாற்றத் தனி ஏற்பாடு வேண்டும்.

முப்பதாவது தடவை

மிடி டிரம்ஸின் பழைய குற்றம் எல்லாருக்கும் தெரியும்: ஒரே ஸ்னேர் பதிவு திரும்பத் திரும்ப வந்து, ரோல் வாசித்தால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்பது. ரெவோ டிரம்ஸ் போன்றவை அதைத்தான் சரிசெய்கின்றன.

ஆனால் ஆடியோவுக்கும் இதே நோய் உண்டு, கொஞ்சம் பெரிய அளவில். நாலு நிமிடப் பாட்டில் அந்த 8 விநாடி லூப் இடைவிடாமல் ஓடினால் 30 தடவை வரும். இரண்டாவது பாரில் டிரம்மர் ஒரு கோஸ்ட் நோட்டை லேசாகத் தாமதித்திருப்பார். முதல் தடவை "ஆகா, மனுஷன்யா" என்று தோன்றும். பத்தாவது தடவை அதே இடத்தில் அதே தாமதம். முப்பதாவது தடவை அது மனிதத்தனமாகவே இருக்காது. கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி காது அந்த இடத்துக்காகக் காத்திருக்கும். எந்த மனிதனும் ஒரே பிசகை முப்பது தடவை இம்மி பிசகாமல் செய்யமாட்டான். கடையில் டெமோ கேட்கும்போது ஆடியோ ஜெயிப்பதும், கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரம் வாசிக்கும்போது அலுப்புத் தட்டுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். டெமோ முப்பதாவது தடவைக்குப் போவதே இல்லை.

இரண்டும் தோற்கும் இடம்

ஜாஸ் டிரம்மர்களின் ஸ்விங் பற்றி ஃப்ரீபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட அளவீடு எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்விங்கில் ஒரு நீளமான நோட்டும் ஒரு குட்டை நோட்டும் ஜோடியாக வரும். அந்த விகிதம் நிலையானது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். அவர்கள் அளந்தபோது மெதுவான டெம்போவில் அது 3.5-க்கு 1 வரை போனது. டெம்போ ஏற ஏறக் குறைந்து, மிக வேகமான வாசிப்பில் 1-க்கு 1 ஆகிவிட்டது. அதாவது டெம்போ மாறினால் நல்ல டிரம்மர் வாசிக்கும் வடிவமே மாறுகிறது.

இப்போது நம் கீபோர்டுக்கு வருவோம். ஆடியோ லூப்பை இழுத்தாலும், மிடியின் வேகத்தைக் குறைத்தாலும் விகிதம் அப்படியே இருக்கும். ஒரு படத்தைப் பெரிதாக்குவது போல எல்லாம் சேர்ந்தே பெரிதாகும். "நிஜ டிரம்மரின் ஃபீல் அப்படியே" என்று ஆடியோவுக்காகச் சொல்லப்படும் வாதம் அவர் வாசித்த அந்த ஒரு டெம்போவில் மட்டுமே உண்மை. டெம்போவைத் தொட்ட நிமிடமே நீங்கள் கேட்பது அவர் ஒருபோதும் வாசித்திராத, வாசிக்கவும் மாட்டாத ஒன்று. மிடிக்கும் இதே கதிதான். ஆனால் மிடியில் அந்த நோட்டைப் பிடித்து நகர்த்திச் சரிசெய்யலாம்.

நம்ம தோல் கருவிகள்

இதுவரை படித்தால் நான் மிடி கட்சி என்று தோன்றும். டிரம் செட் வரைக்கும் ஆமாம். நம் ஊர்த் தோல் கருவிகளுக்கு வந்தால் கதை மாறுகிறது.

டிரம் செட்டில் இசை அடியில் இருக்கிறது. தபலாவின் இடது பக்கத்தில் இசை அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிறது. அடித்த பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தி ஸ்ருதியை ஏற்றுவார்கள். மிருதங்கத்தில் கும்கி அப்படி. உடுக்கையில் நடுவே உள்ள கயிற்றைக் கை இறுக்க இறுக்க ஒலி வளைகிறது. இந்த வளைவு ஒவ்வொரு முறையும் வேறு நீளம், வேறு உயரம். "ஒரு அடியைப் பதிந்து வைத்துக்கொள்" என்ற லின்னின் யோசனை இங்கேதான் தடுமாறுகிறது. மேலே ஏறும் "கே" ஒன்று, இறங்கும் "கே" ஒன்று என்று இரண்டு சாம்பிளை வைத்துச் சமாளித்த ஒலித்தொகுப்புகளைக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது பாரிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிட்ச் பெண்ட் போட்டால் போதாதா என்று கேட்கலாம். மிடி 1.0-இல் பிட்ச் பெண்ட் என்பது சேனல் முழுவதற்குமான கட்டளை. தபலாவை வளைத்தால் அதே சேனலில் இருக்கும் ஜால்ராவும் சேர்ந்து வளையும். ஸ்டைலில் ரிதத்துக்கு இருப்பது இரண்டே டிராக். ஒரே சேனலுக்குள் ஒவ்வொரு நோட்டுக்கும் தனி பிட்ச் பெண்ட் 2020-இல் ஏற்கப்பட்ட மிடி 2.0-இல்தான் வந்தது. அது வந்ததால் மட்டும் ஸ்டைல்கள் மாறிவிடாது; அந்த வளைவை வாசித்துப் பதிய ஆள் வேண்டும்.

எனவே உடுக்கைக்கும் தபலாவுக்கும் இன்றைய நிலையில் ஆடியோதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பறை நடுவில் நிற்கிறது. அதில் வளைவு குறைவு. ஆனால் நெருப்பில் காய்ச்சிய தோல் நேரமாக ஆக இளகி, தொனி மாறும். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் சேர்ந்து எழுப்பும் சத்தம் வெளி முழுக்கப் பரவும். அதைச் சாத்திய அறைக்குள் ஒற்றை அடியாகப் பதிந்தால் கிடைப்பது தகர டப்பா. தவிலுக்கும் ஏறக்குறைய இதே குறை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளியூர் நிறுவனம் ஒன்று "இந்தியன்" என்று பெயர் வைத்துத் தரும் ஸ்டைலில் தாளம் தப்பான இடத்தில் வலுவாக விழுந்தால், மிடியில் அந்த அடியை அழித்துவிட்டு ஊரிலே வாசிக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். குத்துப் பாட்டு ஸ்டைல்களை நம் கீபோர்டு கலைஞர்கள் தாங்களே செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது இப்படித்தான். மிடி அவர்களுக்கு எழுதத் தெரிந்த மொழி. ஆடியோவில் அந்தத் தப்பு பதிவுக்குள்ளேயே உறைந்துவிடும். அதைத் திருத்த இன்னொரு கலைஞர், மைக், அறை, காசு எல்லாம் வேண்டும். நம் தாளங்கள் சரியாக ஒலிக்க ஆடியோ வேண்டும், அவற்றைச் சரியாக வாசிக்க மிடி வேண்டும் என்கிற இந்த இழுபறிதான் எனக்கு உண்மையான பிரச்சினையாகத் தெரிகிறது. "உயிரா, வசதியா" என்ற சண்டை இதை மறைத்துவிடுகிறது. மாற்ற முடிவதும் உயிர்தானே?

கீபோர்டு வாங்கப் போகிறவர்களுக்கு

டெமோவை நம்பாதீங்க. பிடித்த ஸ்டைலை ஓடவிட்டு மூன்று விஷயம் செய்து பாருங்க. முதலில், டெம்போவை 120-இலிருந்து 85-க்கு இறக்கி ஹை-ஹேட்டையும் சிம்பலையும் மட்டும் கவனியுங்க. அடுத்து, எந்தப் பட்டனையும் தொடாமல் நாலு நிமிடம் ஒரே மெயினில் வாசியுங்க. சேல்ஸ்மேன் முறைப்பார், பரவாயில்லை. கடைசியாக, ஸ்னேரை மட்டும் குறைக்கவோ, குச்சிக்குப் பதில் பிரஷ் கொண்டுவரவோ முடிகிறதா என்று பாருங்க. மிடியில் முடியும், டிரம்ஸ் மொத்தத்தையும் ஒரே ஸ்டீரியோ பதிவாக வைத்திருக்கும் ஸ்டைலில் முடியாது. தபலா, தவில் ஸ்டைல்தான் அதிகம் தேவை என்றால் நாலாவதாக ஒன்று: இடது பக்க வளைவு அடுத்தடுத்த பார்களில் ஒரே மாதிரி வருகிறதா என்று கேளுங்க.

வீட்டில் நான் செய்வது கலப்பு. கிக், ஸ்னேர், ஹை-ஹேட் எல்லாம் மிடி. தபலாவின் இடது பக்கத்துக்கு மட்டும் வாசிக்கத் தெரிந்தவரிடம் கேட்டுப் பதிந்த குட்டி ஆடியோ துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரே பார், மூன்று டெம்போவில் தனித்தனியாக. வேலை அதிகம், கோப்பு பெரிது. ஆனால் ஸ்லோ பாட்டுக்கு அவர் ஸ்லோவாகவே வாசித்தது கிடைக்கிறது.