பீங்கானில் மதுரைக் கோட்டை

கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பிறகு மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார். பழைய இங்கிலீஷ் நீலப் பீங்கான் தட்டுகளைச் சேகரிக்கும் நம் நண்பர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். தட்டைக் கவிழ்த்து முத்திரை தேடுகிறார்கள். சுண்டி ஓசை கேட்கிறார்கள். விளிம்பில் விரலோட்டி விரிசல் பார்க்கிறார்கள். முகத்திலுள்ள படம் நல்ல படமா என்று மட்டும் கேட்பதில்லை.

அது கையால் எழுதிய படமல்ல. செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தில் நீல மை ஏற்றி, மெல்லிய காகிதத்தில் ஒற்றி, ஒருமுறை சுட்ட தட்டின்மேல் அழுத்தித் தேய்ப்பார்கள். காகிதத்தைக் கழுவி நீக்கி, மெருகு பூசி, மறுபடி சூளையில் வைப்பார்கள். 1784 வாக்கில் ஜோசையா ஸ்போடு இந்த முறையைச் செம்மை செய்தார். சாதாரணக் குடும்பத்து மேஜைக்கும் சித்திரம் வந்து சேர்ந்தது.

எல்லோரும் அறிந்தது 'வில்லோ' தட்டு. அலரி மரம், பாலம், இரண்டு பறவைகள். சீனாவில் பிறந்தது என்று நினைப்போம்; சீனச் சித்திரங்களைப் பார்த்து 1790 வாக்கில் இங்கிலாந்திலேயே ஜோடித்தது அது. காதலர் பறவைகளான கதையும் பிற்பாடு கட்டிவிட்டதுதான். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்தச் சாமர்த்தியத்தை மெச்சுகிறேன். ஆனால் அந்தப் படத்தில் ஓர் ஊர் இல்லை.

இதன் பக்கத்தில் லிவர்பூல் ஹெர்குலேனியம் தொழிற்சாலையின் மதுரைக் கோட்டைத் தட்டை வைத்துப் பாருங்கள். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கே சுற்றி வரைந்தவர்கள். 1795 முதல் 1808 வரை 144 இந்தியக் காட்சிகளை லண்டனில் அச்சிட்டார்கள். பீங்கான்காரர்கள் அவற்றிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். பிறர் சித்திரத்தைக் கையாளுவதை 1842-ஆம் வருஷச் சட்டம் தடுக்கும்வரை கேட்பாரில்லை.

நம் பத்திரிகைக் கதைகளில் மேனாட்டுக் கதாநாயகனுக்கு வேஷ்டி கட்டிவிட்டோமே, அதே தழுவல் வேலைதான். மதுரையைப் பார்த்தறியாத செதுக்குக்காரன் அதைச் சுற்றிப் பூ விளிம்பு கட்டினான். உபயோகமோ இன்னும் வேடிக்கை. இந்த வகைப் பெரிய தட்டுகள் சிலவற்றில் பொரித்த மாமிசத்தின் சாறு வடிய, மரக்கிளை மாதிரி பள்ளம் இருக்கும். அப்படியொன்றைப் பார்த்த எங்கள் பக்கத்துப் பெரியவர், "ஏனுங்க, தட்டுலயுமா வாய்க்கா வெட்டியிருக்கறாங்க?" என்றார். விருந்து தீர்ந்து மாமிசம் காலியான பிறகே சித்திரம் முழுசாகத் தெரியும்.

இருந்தும் மதுரைத் தட்டே உயர்ந்தது என்பது என் கட்சி. டேனியல்கள் கண்ணால் கண்டு வரைந்தார்கள். நாலு கை மாறியும் அந்தக் கண் அழியவில்லை. பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது மதுரைக் கோட்டை மதில்களை இடித்துத் தள்ளினார்கள். தட்டு இருக்கிறது.

தழுவல் குற்றமல்ல. யாரோ ஒருவன் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும்; அதுதான் சோதனை. அடுத்த முறை தட்டைக் கவிழ்க்கும் முன், முகத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.