தசைகளுக்கு இட்ட பெயர்கள்

கலைச்சொல் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், சொல் தூய தமிழா, வடமொழியா, ஆங்கில ஒலிபெயர்ப்பா என்பதையே நம்மவர் முதலிற் கேட்கின்றனர். அச்சொல் பொருளைக் காட்டுகின்றதா என்னும் வினா பின்தள்ளப்படுகின்றது. மனித உடலின் தசைகளுக்கு நாம் வழங்கும் பெயர்களை அவ்வினாக் கொண்டு நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவனுக்கு உடற்கூற்றியலில் என்ன வேலை என விஞ்ஞானபீட நண்பர் கேட்கலாம். தசை அவர்களுடையதாயினும் சொல் எங்களுக்கும் உரியதே.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தை மானிப்பாயிலே தமிழிற் கற்பித்தார். அவரது முயற்சியால் 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. (நூற்பெயர் கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கியத்தை நினைவூட்டுகின்றது. அங்கே புலவர் தோலோடு நின்றுவிட்டனர்.) முதலிலே தமிழ், இல்லையேல் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லின் ஒலி என்பது கிறீன் கொண்ட முறை. வடமொழி மிகுந்தது என்று அவர் நடையைக் குறைகூறுவது இன்று எளிது. அன்று மாணவன் கையில் வேறு தமிழ் நூல் எதனைக் கொடுத்திருப்போம்?

ஐரோப்பியர் தசைகளுக்கு இட்ட பெயர்களிற் பல வெறும் வருணனைகளே. தசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருள் 'சிற்றெலி' என்பதாம். எங்கள் மன்னார்க் கரையிற் கரைவலை இழுப்போரின் கால்களைப் பாருங்கள். குதி மணலிற் பதிய, முழங்காலின் கீழே பின்புறத்தில் திரண்டெழும் தசையைத் தமிழர் கெண்டை என்றனர். அங்கே எலி, இங்கே மீன். இருதலைத்தசை, முத்தலைத்தசை என்பனவும் நல்ல பெயர்கள். எலும்பைப் பற்றும் தலைகளை அவை எண்ணிச் சொல்கின்றன. தொடையின் குறுக்கே ஓடும் நீண்ட தசையொன்றுக்கு ஐரோப்பியர் தையற்காரன் பெயரை இட்டனர். அவன் கால்மடித்து அமர்ந்து தைப்பவன். நம் நாட்டிற் பந்தியில் அமரும் எவனும் அவ்வாறே அமர்கின்றான். 'சம்மணத்தசை' என்றால் ஆகாதா?

வகைப்பெயர்களிலேதான் சிக்கல் மிகுதி. வன்கூட்டுத்தசை, இதயத்தசை என்பன இருக்குமிடத்தாற் பெயர் பெற்றன. குடலிலும் குருதிக்கலன்களின் சுவரிலும் உள்ள மூன்றாவது வகையோ நுணுக்குக்காட்டியிற் காணும் தோற்றத்தால் 'மழமழப்பான தசை' ஆயிற்று. குறுக்குவரிகள் இல்லாமையையே இச்சொல் குறிக்கின்றது. மாணவனோ தொட்டால் வழுக்கும் பொருளொன்றை எண்ணிக் கொள்கின்றான். 'வரியில்தசை' என்றிருப்பின் இம்மயக்கம் இராது.

இச்சைவழி இயங்குவன, இச்சையின்றி இயங்குவன என்ற மற்றைப் பாகுபாடும் ஆராயத்தக்கது. சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கடலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும் முத்துக்குளிப்புகள் நிகழ்ந்தன. கல்லின் பாரத்தால் அடித்தளம் சேர்ந்த சுழியோடி, ஒரு நிமிடமளவு மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கினான். அவன் அடக்கியவை பிரிமென்றகடும் பழுவிடைத்தசைகளுமாம். இவை வரியுடைய வன்கூட்டுத்தசைகள். பாடநூற்படி இச்சைவழி இயங்குவன. அவன் உறங்கும்போதும் அவை இயங்கினவே, அது யார் இச்சை? மூளைத்தண்டின் ஏவல் அது. நீரினுள் நேரம் செல்லச் செல்லக் குருதியிற் காபனீரொட்சைட்டு மிகும். அவன் அடக்க அடக்கப் பிரிமென்றகடு தானாகவே துடிக்கத் தொடங்கும். அதற்குமேல் அவன் இச்சை நெடுநேரம் செல்லாது. ஒரே தசைக்கு இரு தலைவர் உளர் என்பதை நம் பாகுபாடு சொல்லவில்லை.

அத்தசையின் பெயரும் நமக்கு உதவவில்லை. பிரிமென்றகடு என்பது பிரிக்கும் மெல்லிய தகடு. தகடு சுருங்குமா? தமிழ்நாட்டார் 'உதரவிதானம்' என்பர், அதாவது வயிற்றின் மேலே கட்டிய விதானம். வடமொழி என அதனைத் தள்ளுவோர் உளர். கவிந்த வடிவைக் காட்டுதலின் அதுவே மேல் என்பேன். எனினும் அது தசை என்பதை இரண்டு சொற்களும் மறைக்கின்றன. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் என் தம்பி, பிரிமென்றகட்டை எலும்பு என்றே விடையெழுதி வந்தான். "அது மூச்சுத்தசை" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப சுழியோடுறவை அடக்கி வைக்கிறது அதையோ அண்ணா?" என்று கேட்டான்.