ஜோலி ப்ளோன்: கைமாறிய ஒரு வால்ட்ஸ்

அமெரிக்காவின் தென்மேற்கு லூசியானாவில் வாழும் கேஜன் மக்கள், பாதி விளையாட்டாகவும் பாதி பெருமையாகவும் தங்கள் 'தேசிய கீதம்' என்று சொல்லிக்கொள்வது 'ஜோலி ப்ளோன்'. வேறொருவனோடு போய்விட்ட பொன்னிறக் கூந்தல்காரியை எண்ணி ஒருவன் பிரெஞ்சில் புலம்புகிறான். அந்தப் புலம்பலுக்குத்தான் ஜோடிகள் மூன்று தட்டுக் கணக்கில் சுழன்று ஆடுகிறார்கள். பழைய பிடில் மெட்டு என்றே இதை அறிமுகப்படுத்துவது வழக்கம். இசைத்தட்டுகளைக் கால வரிசையில் கேட்டால் அந்தப் 'பழைய' என்ற சொல் ஆட்டம் காண்கிறது.

1755இல் ஆங்கிலேயர் கனடாவின் அகேடியாவிலிருந்து விரட்டிய பிரெஞ்சுக் குடியானவர்களின் வழிவந்தவர்கள் கேஜன்கள். அவர்களுடைய வீட்டு நடனங்களை முதலில் ஆண்டது பிடில்தான். ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் தாழ்ந்த தந்திகளில் வில்லால் தாளம் போடுவார். டென்னிஸ் மெகீயும் சாடி கோர்வில்லும் 1929இல் பதிவுசெய்த இரட்டைப் பிடில் தட்டுகளில் அந்தக் கலையை இன்றும் கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொத்தான் அக்கார்டியன் வந்தது. சுரங்கள் குறைவு, சத்தம் அதிகம். கூச்சலும் காலடியும் நிறைந்த கூடத்தில் சத்தம்தானே வெல்லும்? பிடில்காரர்கள் தந்திகளைத் தளர்த்தி அதன் சுருதிக்கு இறங்கிப் பக்கவாத்தியமானார்கள்.

நம் மெட்டு முதன்முதலில் தட்டில் ஏறியதும் இந்த நிலையில்தான். 1929 ஏப்ரலில் அட்லாண்டாவில், கொலம்பியா நிறுவனத்துக்காக அமெடே ப்ரோ அக்கார்டியனோடு பாடினார். சகோதரர் ஓஃபி பிடில், சகோதரி க்ளியோமா கிடார். தலைப்பும் வேறு: 'என் பொன்னிறத்தாள் போய்விட்டாள்' என்ற பொருளில்.

அடுத்த பத்தாண்டில் எண்ணெய்க் கிணறுகளும் வானொலியும் டெக்சஸ் ஸ்விங் இசையும் புகுந்தன. தட்டுகளிலிருந்து அக்கார்டியன் ஏறக்குறைய மறைந்தது. லியோ சொய்லோ 1935இல் இதே மெட்டை ஓர் ஊரின் பெயரால் 'கெய்டன் வால்ட்ஸ்' என்று பிடிலில் வாசித்தார். மறு ஆண்டு ஹேக்பெரி ராம்ப்ளர்ஸ் குழு 'ஜோலி ப்ளோன்' என்ற பெயரில் பதிந்தது. அதன் பிடில்காரர் லூடரின் டார்போன், மின்சாரம் இல்லாத கூடங்களில் தம் ஃபோர்டு காரின் இயந்திரத்தை ஓடவிட்டு ஒலிபெருக்கியை இயக்கியவர். பிடில் இழந்த அரியணையை மீட்டது கலைத்திறன் மட்டுமல்ல, அந்த ஒலிபெருக்கியும்தான் என்பேன்.

மெட்டை லூசியானாவுக்கு வெளியே கொண்டுபோனவர் ஹாரி ஷோட்ஸ். 1922இல் பிறந்து, சிறுவயதிலேயே டெக்சஸின் போர்ட் ஆர்தருக்குக் குடிபெயர்ந்தவர். சொய்லோவின் குழுவில் வாசித்த அனுபவம் உண்டு. 1946இல் ஹூஸ்டனில் பில் க்வினின் கோல்ட் ஸ்டார் நிறுவனத்துக்காக அவர் பதிந்த வடிவம், மறு ஆண்டு பில்போர்ட் இதழின் நாட்டுப்புற இசைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. வழுக்கி ஏறும் வில், குதூகலமா அழுகையா என்று பிரிக்க முடியாத இடையிடைக் கூவல்: இன்று பிடில் கற்பவர்கள் 'பாரம்பரியம்' என்று படிப்பதில் பெரும்பகுதி இந்த இருபத்து மூன்று வயது இளைஞனின் கைவண்ணம். நூறு டாலருக்கும் ஒரு பாட்டில் விஸ்கிக்கும் பாட்டின் உரிமையை அவர் விற்றுவிட்டதாகக் கதை உண்டு. குடி அவரை விடவில்லை என்பது மட்டும் கதையல்ல. 1951 ஜூலையில், 28 வயதில், ஆஸ்டின் சிறையில் இறந்தார்.

அதற்குள் 1948இல் ஐரி லெஜூனின் 'காதல் பாலம்' வால்ட்ஸ் அக்கார்டியனைத் திரும்பவும் நடுக்கூடத்துக்கு அழைத்து வந்திருந்தது. ஜோலி ப்ளோனோ டெக்சஸிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 1958இல் டெக்சஸ் பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் தம் முதல் தட்டுக்கு அதைத்தான் எடுத்தார். தயாரித்தவர் ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலி. இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஷோட்ஸின் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, காதில் விழுந்த ஒலிகளை அப்படியே எழுதிக்கொண்டார்கள்; ஜென்னிங்ஸ் பாடினார். பிடிலின் இடத்தில் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன்.