மிதப்பை விடப் பிடிப்பு முக்கியம்: வேகப் படகுக்கு எந்த லைஃப் ஜாக்கெட்?

லைஃப் ஜாக்கெட்டின் லேபிளில் கண்ணில் படும்படி அச்சிட்டிருப்பது ஓர் எண்: பெரும்பாலும் 50, 100, 150 அல்லது 275. ஐஎஸ்ஓ 12402 தரநிலைப்படி அந்த ஜாக்கெட் தரும் மிதப்பு விசையை நியூட்டன் அளவில் சொல்லும் எண் அது. பத்து நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தண்ணீரில் தூக்கிப் பிடிக்கும். தண்ணீருக்குள் மனித உடம்பின் எடை பெரும்பகுதி குறைந்துவிடுவதால், பெரும்பாலான பெரியவர்களின் தலையை மேலே வைத்திருக்க நான்கைந்து கிலோ மிதப்பே போதும். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கும் பக்கத்தில் உதவி இருக்கும் இடத்துக்குமான அளவு. 100 அமைதியான நீர்நிலைக்கு, 150 திறந்த கடலுக்கு, 275 கனத்த உடையோடு வேலை செய்பவர்களுக்கு. இந்த எண் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று நம்பியே பலரும் வாங்குகிறார்கள். துடுப்புப் படகுக்கும் பாய்மரப் படகுக்கும் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவரும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஸ்பீட் போட்டில் அதை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. தண்ணீரில் விழுந்து மோதும் நொடியில் ஜாக்கெட் உடம்பிலேயே நிற்குமா என்பதுதான் அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

காரணம் எளிய இயற்பியல். தண்ணீர் காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அது கொடுக்கும் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. லூசாகப் போட்ட ஜாக்கெட்டின் கீழ் விளிம்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ளங்கை அளவு, அதாவது சுமார் 100 சதுர சென்டிமீட்டர், இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் தண்ணீர் நேராக அதற்குள் பாய்ந்தால் சுமார் 35 கிலோ எடைக்குச் சமமான விசை ஜாக்கெட்டை மேலே தள்ளும். 60 கிலோமீட்டரில் அது 140 கிலோ. 100 கிலோமீட்டரில் 390 கிலோ. நேருக்கு நேர் மோதும் கணத்துக்கான உச்சக் கணக்கு இது. விழும் கோணம் மாறினால் விசையும் குறையும். பாதியாகக் குறைந்தாலும் செய்தி ஒன்றுதான். 150 நியூட்டன் ஜாக்கெட் நம்மைத் தூக்கும் விசை வெறும் 15 கிலோ. அதை நம் தலைவழியே உருவி எடுக்கப் பார்க்கும் விசை அதைப் போலப் பல மடங்கு. இந்த இழுபறியில் பெல்ட்டும் பக்கிளும் தையலும் தோற்றால், லேபிளில் இருக்கும் எண் ஆளில்லாமல் மிதக்கும் ஜாக்கெட்டுக்குத்தான் பொருந்தும்.

தரச்சான்று பெற்ற ஜாக்கெட் இதையெல்லாம் தாங்காதா என்று கேட்கலாம். சோதனையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். கப்பல்களுக்கான சர்வதேச உயிர்காப்புச் சாதன விதிகள் கண்டிப்பானவை. அவற்றின்படி, ஜாக்கெட் அணிந்தவர் குறைந்தது 4.5 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். ஜாக்கெட் இடம்பெயரவும் கூடாது, அவருக்குக் காயம் உண்டாக்கவும் கூடாது. அந்த உயரத்திலிருந்து விழுபவர் தண்ணீரைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். அதுவும் ஜாக்கெட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, கால் முதலில் இறங்கும்படி, தயாராகக் குதிக்கிறார். ஸ்பீட் போட்டிலிருந்து தூக்கி எறியப்படுபவருக்குத் தயாராக நேரமில்லை. எந்தக் கோணத்தில் விழுவார் என்பதும் அவர் கையில் இல்லை. வேகம் 60 என்றால் அழுத்தம் அந்தச் சோதனையைப் போல மூன்று மடங்கு. 100 என்றால் எட்டு மடங்குக்கும் மேல். அந்தச் சோதனையில் குறை எதுவுமில்லை. மூழ்கும் கப்பலிலிருந்து குதிப்பவரை மனதில் வைத்து எழுதிய விதி அது. அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் சந்தையில் கிடைக்கும் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது, நம் ஊர்ப் படகுத் துறைகளில் பரவலாகக் காணும் ஆரஞ்சு நிற ஃபோம் ஜாக்கெட். நெஞ்சின் இருபுறமும் கனத்த ஃபோம் கட்டிகள், கழுத்துக்குப் பின்னால் ஒரு மெத்தை, இடுப்பில் ஒன்றிரண்டு பெல்ட். முறையாகத் தயாரித்த ஒன்று, மயங்கியவரைக் கூட முகம் மேலே வரும்படி திருப்பிவிடும். அது பெரிய பலம். ஆனால் முன்னால் புடைத்து நிற்கும் அதே ஃபோம் கட்டிதான் வேகமான மோதலில் தண்ணீர் பிடித்துத் தள்ள வசதியான பரப்பு. பெல்ட் இடுப்போடு நின்றுவிடுவதால் ஜாக்கெட் மேலேறித் தாடையில் இடிக்கும். கை தூக்கிய நிலையில் விழுந்தால் கழன்றே போகலாம். எல்லாருக்கும் ஒரே அளவு என்று கொடுக்கப்படும்போது, ஒல்லியான உடம்புக்கு இது இன்னும் மோசம். மெதுவாகப் போகும் மோட்டார் படகுக்கு இது போதும். வேகப் படகில் வேறு எதுவும் கிடைக்காதபோது, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு போடலாம்.

இரண்டாவது, தோளில் மெல்லிய பட்டையாகக் கிடந்து, தண்ணீர் பட்டதும் உப்பும் காற்று ஜாக்கெட். 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று 150 நியூட்டன் மிதப்பைத் தந்துவிடும். வெயிலில் உறுத்தாது, வலை வீசவும் தூண்டில் போடவும் கை தடையில்லாமல் அசையும், மயங்கியவரையும் திருப்பும். எல்லா நேரமும் போட்டிருக்க முடிகிற ஜாக்கெட்தான் நல்ல ஜாக்கெட் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. படகு நிற்கும்போதும் ஊரும்போதும் இதைவிட வசதியானது இல்லை. வேகத்தில்தான் சிக்கல். உப்பச் சில விநாடிகள் வேண்டும். மோதலோ அதற்குள் முடிந்துவிடும். விலா எலும்புக்கு மேல் ஒரு துணிப்பட்டையைத் தவிர வேறு மெத்தை எதுவும் இருக்காது. உடம்பு தண்ணீர்ப் பரப்பில் இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கும்போது பை விரிந்தால், தண்ணீர் பிடிக்கும் பரப்பு இன்னும் பெரிதாகும். உப்பு மாத்திரை கரைந்து இயங்கும் வகையை, திறந்த படகில் அடிக்கும் சாரலே தவறுதலாக உப்ப வைத்துவிடலாம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒப்புதல் பெற்ற காற்று ஜாக்கெட்டுகளின் லேபிளிலேயே, ஜெட் ஸ்கீக்கும் வாட்டர் ஸ்கீக்கும் இது வேண்டாம், 16 வயதுக்குக் குறைந்தவருக்கு வேண்டாம் என்ற எச்சரிக்கை பொதுவாக இருக்கும்.

அமெரிக்காவில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை பாயும் பாஸ் மீன்பிடிப் படகுகளில் பலர் இந்தக் காற்று ஜாக்கெட்டைத்தானே போடுகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்று அங்குள்ள பி.ஏ.எஸ்.எஸ். என்ற மீன்பிடிப் போட்டி அமைப்பின் விதி சொல்கிறது. அந்த விதியை உடம்புக்கு நோகாமல் நிறைவேற்ற இது உதவுகிறது. விதிக்குப் பொருந்துவதும் மோதலுக்குப் பொருந்துவதும் வேறு வேறு. அங்கேயே கவனமானவர்கள் பின்பற்றும் வழி இரண்டையும் வைத்துக்கொள்வது: படகு பாயும்போது ஃபோம் ஜாக்கெட், நிறுத்தித் தூண்டில் போடும்போது காற்று ஜாக்கெட். இரண்டு வாங்கும் செலவு, படகின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டே இல்லை.

மூன்றாவது வகை, உடம்போடு ஒட்டும் விளையாட்டு ஜாக்கெட். 50 அல்லது 70 நியூட்டன் மிதப்பு. நைலான் அல்லது நியோப்ரீன் உறை. எண்ணில் சிறியது, வேகத்துக்குப் பொருந்துவதில் முதலிடம். இதை வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெல்ட் முதுகைச் சுற்றி முழு வட்டமாக ஓடுகிறதா, அல்லது முன்பக்கத் துணியில் ஒரு விரல் நீளத் தையலோடு முடிந்துவிடுகிறதா? முழு வட்டமாக ஓடினால் இழுவையை உடம்பு தாங்கும். முன்பக்கத் தையலோடு நின்றால் நூல்தான் தாங்க வேண்டும். இணைப்பில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்திருப்பது நல்ல அடையாளம். பெல்ட் குறைந்தது மூன்று, நான்கு இருந்தால் மேல். வெறும் ஜிப்பை நம்ப வேண்டாம். பல் விட்டால் முழுதும் திறந்துகொள்ளும். பக்கிளைப் பூட்டி, பெல்ட்டை நனைத்து, ஓங்கி இழுத்துப் பாருங்கள்: உலர்ந்தபோது இறுகி நின்ற பட்டை, நனைந்ததும் வழுக்கி நீள்வது மலிவு ஜாக்கெட்டுகளில் உண்டு. வெயிலில் வெளுத்த பக்கிளும் பொடிந்து உதிரும் நூலும் கண்ணில் பட்டால், அந்த ஜாக்கெட்டின் ஆயுள் முடிந்தது. பார்க்க இதே போலிருக்கும் வேக்போர்டு மோதல் கவசங்கள் சிலவற்றுக்கு மிதப்புச் சான்றே கிடையாது. லேபிளில் அது இல்லையென்றால் அதை லைஃப் ஜாக்கெட்டாகக் கருதக் கூடாது.

இந்த வகைக்கு எதிரான கனமான வாதம் ஒன்று இருக்கிறது. வேகமான மோதலில் மயக்கம் வர வாய்ப்பு அதிகம். மயங்கியவரை இது மல்லாத்தித் திருப்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அப்படியானால் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடுகிறதே? இந்த வாதத்தை முழுமையாக ஏற்க வேண்டும். அதனால்தான் பந்தயப் படகோட்டிகளுக்கென்று நான்காவது வகை உருவானது: கழுத்துப் பட்டையோடு கூடிய கனத்த ஃபோம், உடம்பைச் சுற்றிப் பல பெல்ட்டுகள், அவற்றோடு இரு தொடைகளையும் சுற்றி வரும் பட்டைகள். திருப்பும் திறனும் பிடிப்பும் ஒன்றாக வேண்டுமென்றால் இதுதான். கனமும் புழுக்கமும் அதற்கான விலை. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும் படகை ஓட்டுபவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே, சக பயணிகளோ வேறொரு படகோ உடனடியாக வந்து தூக்கக்கூடிய இடத்தில், உடம்பை விட்டு விலகாத 70 நியூட்டன் ஜாக்கெட் கழன்று போகும் 150ஐ விட மேலானது. மயங்கியவரைத் திருப்பவும் ஜாக்கெட் முதலில் அவர் உடம்பில் இருந்தாக வேண்டும்.

நல்ல ஜாக்கெட்டையும் தவறாகப் போட்டால் பயனில்லை; பட்டை மாட்டாத ஹெல்மெட் தலையில் இருந்தும் இல்லாதது போலத்தான். பெரியவர்கள் உடல் எடையோடு மார்புச் சுற்றளவையும் பார்த்து அளவு எடுக்க வேண்டும். எல்லாப் பெல்ட்டையும் தளர்த்தி, போட்டுக்கொண்டு, கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். மூச்சு தாராளமாக வர வேண்டும், ஆனால் பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பிறகு இரு கைகளையும் தூக்கிக்கொண்டு, இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து ஓங்கித் தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தொட்டால் அளவு பெரிது, அல்லது இறுக்கம் போதவில்லை. குழந்தைகளுக்குத் தொடை இடுக்குப் பட்டை கட்டாயம். அவர்களுடைய குறுகிய தோளும் இடுப்பும் ஜாக்கெட்டை நிறுத்தி வைக்காது. வளர்ந்துவிடுவான் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் பழக்கத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் வெயிலில் இவ்வளவு இறுக்கமாகப் போட முடியுமா என்பது நேர்மையான கேள்வி. நியோப்ரீன் சூட்டை உள்ளே அடைத்து வைக்கும். ஆகவே சென்னைக்கும் ராமேஸ்வரத்துக்கும் வலைத்துணி உள்பக்கமும் அகன்ற கைத்துளையும் கொண்ட நைலான் உறையே பொருத்தம். வியர்க்கிறது என்று பெல்ட்டைத் தளர்த்துவதுதான் உண்மையான ஆபத்து. படகு நின்றபின் தளர்த்திக்கொள்ளலாம். நீச்சல் தெரிந்தவருக்கு எதற்கு என்பவருக்கும் பதில் உண்டு: விலா முறிந்தவரும் தோள்மூட்டு விலகியவரும் நீந்த மாட்டார்கள். படகு கவிழ்ந்தால் ஜாக்கெட்டே நம்மை அடியில் சிக்கவைக்காதா என்ற அச்சம் மூடிய காக்பிட் உள்ள படகில் நியாயமானது. எஃப்1 பந்தயப் படகோட்டிகள் தலைகீழாகக் கவிழ்ந்த காக்பிட்டிலிருந்து வெளியேறும் பயிற்சியில் தேறியே ஆக வேண்டும் என்பது அதனால்தான். திறந்த ஸ்பீட் போட்டில் பெரும்பாலும் படகு கவிழுமுன்பே ஆள் வெளியே எறியப்படுகிறார்.

எதையாவது போட்டால் போதாதா என்பது கடைசி மறுப்பு. 2023இல் அமெரிக்கப் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த இறப்புகளில் நான்கில் மூன்று பங்கு மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் ஜாக்கெட் விவரம் தெரிந்தவர்களில் 87 சதவீதம் பேர் அதைப் போட்டிருக்கவில்லை. ஆகவே போடுவதுதான் முதல் படி. அதில் கருத்து வேறுபாடே இருக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் மெதுவான படகுகளும் உண்டு. வேகத்தில் போகிறவர் முதல் படியோடு நின்றுவிட முடியாது.

ஜாக்கெட்டோடு சேர்த்தே வாங்க வேண்டிய இன்னொரு பொருள், எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு. ஓட்டுபவர் விழுந்ததும் எஞ்சின் நிற்காவிட்டால், ஸ்டீயரிங் திரும்பிக்கொண்டு படகு வட்டமடித்து, விழுந்தவர் மிதக்கும் இடத்துக்கே திரும்பி வரலாம். 2013 மே மாதம் இங்கிலாந்தின் பேட்ஸ்டோவ் அருகே கேமல் கழிமுகத்தில், மில்லி என்ற படகிலிருந்து ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் தூக்கி எறியப்பட்டார்கள். கயிறு மாட்டப்படவில்லை, ஆளில்லாமல் சுற்றிய படகு மோதி இருவர் இறந்தார்கள். 26 அடிக்குக் குறைந்த வேகப் படகுகளில் இந்தக் கயிற்றை மாட்டுவதை அமெரிக்கா 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கியது. தொடையைச் சுற்றியோ, ஜாக்கெட்டில் அதற்கென்று உள்ள உறுதியான வளையத்திலோ மாட்டுங்கள். ஜிப் முனையிலும் பாக்கெட் கொக்கியிலும் வேண்டாம். ஒவ்வொரு முறை கிளம்புமுன்பும் ஒரு தடவை இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தீர்ப்பு இதுதான். 80 கிலோமீட்டர் வேகம் வரை: 70 நியூட்டன் நைலான் ஜாக்கெட், முழு வட்டமாக ஓடும் மூன்று அல்லது நான்கு பெல்ட், கண்ணைப் பறிக்கும் நிறம், ஒரு விசில். அதற்கு மேல்: தொடைப் பட்டையும் கழுத்துப் பட்டையும் உள்ள பந்தய ஜாக்கெட், ஹெல்மெட். காற்று ஜாக்கெட் படகு நின்ற பிறகு. ஸ்பீட் போட் சவாரி நடத்துபவர்கள் குறைந்தது நான்கு அளவுகளில் ஜாக்கெட் வைத்திருந்து, ஒவ்வொரு பயணியின் தோள்பட்டையையும் தூக்கிப் பார்த்த பிறகே எஞ்சினை முடுக்க வேண்டும். அதற்கு ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பயணியும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தாடையில் இடிக்கும் ஜாக்கெட்டைக் கொடுத்தால், வேறு அளவு வரும்வரை படகில் ஏறக் கூடாது.